இங்கிலீஷில் திட்டினால் கஸ்டமருக்கு

எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். துணியை எப்படி அளப்பது, பட்டுப்புடவையை எப்படி உதறாமல் விரிப்பது என்பதெல்லாம் அப்புறம்தான். சூப்பர்வைசர் பிலோமின்ராஜ் சார் தமிழில் திட்டினால் அது நமக்கு. இங்கிலீஷில் திட்டினால் அது கஸ்டமருக்கு.

கடை திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், மூன்று மாடி. கல்யாணச் சீசனில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேராவது எடுத்துப்போன புடவையோடு திரும்பி வந்து சத்தம் போடுவார்கள். சாயம் போய்விட்டது, கடை வெளிச்சத்தில் ஒரு நிறம் வீட்டில் ஒரு நிறம், ரவிக்கைத் துணி பத்தவில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். புடவையை மாற்றிக் கொடுத்துவிடுவோம். அப்படியும் அவர்கள் நகர மாட்டார்கள். பையைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பார்கள். யாராவது ஒருத்தி தலை குனிந்து திட்டு வாங்குவதைப் பார்த்தால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். அதற்காகத்தான் சார் மாடியிலிருந்து இறங்கி வருவார்.

அவர் பொன்மலைக்காரர். அப்பா ரயில்வே பணிமனையில் இருந்தவராம். சார் பெரிய படிப்பு படித்தவரில்லை. ஆனால் பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் செல்போனில் இங்கிலீஷ் பாடம் கேட்பார். அதில் திட்டுவதற்கென்று எத்தனையோ சொற்கள் இருப்பதைக் கண்டுபிடித்து, நாளுக்கு ஒன்றாக மனப்பாடம் செய்துகொண்டு வருவார்.

ஏன் சார் இங்கிலீஷ் என்று ஆனந்தவள்ளி ஒருமுறை கேட்டாள். அவள் தொட்டியத்துப் பெண், எதையும் கேட்டுவிடுவாள். அதற்கு சார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தமிழ்ல நாடகத்துக்குத் திட்டினாலும் ஒரு சொல்லு உள்ள போய் உக்காந்துக்கும்மா. வீட்டுக்குப் போயி சோத்துல கை வைக்கும்போது ஞாபகம் வரும். இங்கிலீஷ்ல திட்டினா தார்ப்பாய் மேல மழைத்தண்ணி மாதிரி ஓடிடும். கஸ்டமருக்கும் கௌரவமா இருக்கும்.”

அவர் சொன்னது உண்மைதான். தமிழில் அவர் எங்களைத் திட்டியதே அபூர்வம். திட்டினால் இரண்டு வார்த்தைதான், தனியாகக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில். அதற்குத்தான் நாங்கள் பயப்படுவோம்.

இங்கிலீஷ் திட்டு வாங்குவதற்கு ஓர் ஆள் வேண்டுமே. யார் தப்புச் செய்தாலும் முன்னால் போய் நிற்பது ரெங்கநாயகி அக்காதான். என்னை ஒருதடவை நிறுத்திப் பார்த்தார்கள். நாடகம் என்று தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனந்தவள்ளியை நிறுத்தினார்கள். அவள் சிரித்துவிட்டாள். கஸ்டமர் அம்மா இன்னும் கோபமாகி முதலாளியிடமே போய்விட்டார். அன்றிலிருந்து அக்காதான்.

அக்காவுக்கு அது நன்றாக வரும். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கஸ்டமரின் செருப்பைப் பார்த்தபடி நிற்பார். சார் குரல் உயரும்போது தோளை மட்டும் லேசாகக் குறுக்குவார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, சாரைப் பார்க்காமல் கஸ்டமரைப் பார்ப்பார். அவ்வளவுதான், கஸ்டமரே “போகட்டும் விடுங்க சார், பாவம்” என்று சொல்லிவிடுவார்கள். பில் போடுகிற இடத்தில் அப்துல் மாலிக் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துகொள்வார். கஸ்டமர் போனதும் சார் காசு கொடுத்து அக்காவுக்கு டீ வாங்கிவரச் சொல்வார். திட்டு ஒன்றுக்கு டீ ஒன்று.

அக்காவின் வீடு ஸ்ரீரங்கத்தில், மூலத்தோப்பில். கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே பெண், பவித்ரா. அவள் எட்டாவது படித்தாள், தென்னூரில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில். அந்த இடம் கிடைப்பதற்காக அக்கா எத்தனை பேர் வாசலில் நின்றார் என்பதை அவரே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் எப்போதாவது மாலையில் கடையின் பின்பக்கக் கேட்டருகே வந்து நிற்பாள். வாட்ச்மேன் பிச்சமுத்து உள்ளே வந்து சொல்வார், அக்கா போய்ப் பார்ப்பார். முன்பக்கமாகக் கடைக்குள் வரக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். முதலாளிக்குப் பிடிக்காது என்பது அவளிடம் சொன்ன காரணம்.

அக்காவுக்குத் தான் வாங்குகிற திட்டுக்கு அர்த்தம் தெரியாது. சாரிடம் கேட்க வெட்கம். ஒருநாள் திட்டியதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டுபோய் மகளிடம் கேட்டிருக்கிறார். ‘ஹால் ஓவர் த கோல்ஸ்’ என்றால் என்ன பாப்பா?

மகள் விழுந்து விழுந்து சொல்லிக் கொடுத்திருக்கிறாள். கனிந்த நெருப்பின் மேல் இழுத்துக்கொண்டு போவதாம். அந்தக் காலத்தில் அங்கே அப்படி நிஜமாகவே தண்டனை உண்டாம், இப்போது வாயால் மட்டும். “இதெல்லாம் உனக்கு எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டிருக்கிறாள். அக்கா சொன்ன பதில் பொய்யில்லை. எங்க சூப்பர்வைசர் சார் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுவார் என்று சொன்னார்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. சார் திட்டுவார். அக்கா அதை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி மூலத்தோப்புக்குக் கொண்டுபோவார். பவித்ரா அர்த்தம் சொல்வாள். அக்கா மறுநாள் அந்த அர்த்தத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொல்வார். இப்படித்தான் நாங்களும் கற்றுக்கொண்டோம். காதில் தெள்ளுப்பூச்சியை விட்டு அனுப்புவது என்று ஒன்று. கலகம் செய்கிற கூட்டத்துக்கு முன்னால் அதிகாரி நின்று சட்டத்தைப் படித்துக் காட்டுவது என்று ஒன்று. ஒரு டன் செங்கல் தலையில் விழுகிற மாதிரி விழுவேன் என்று ஒன்று. அதைக் கேட்டதும் ஆனந்தவள்ளி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

“ஒரு டன்னுன்னா எத்தனை கல்லு வரும்க்கா? எங்க வீட்டுல சுவரு பாதியில நிக்குது. சாரை இன்னும் ஒரு நாலு தடவை திட்டச் சொல்லுங்க, கட்டி முடிச்சிடலாம்.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. நம் பக்கத்தில் திட்டுவதெல்லாம் அடுப்படி வேலை. வறுத்தெடுப்பார்கள், தாளிப்பார்கள், காய்ச்சி எடுப்பார்கள், வாட்டி எடுப்பார்கள். அவர்கள் ஊரில் அதற்குச் செங்கல், நெருப்பு, சட்டப் புத்தகம் என்று வேறு சாமான்கள். துணியைக் கிழிப்பது மட்டும் இரண்டு பக்கமும் உண்டு என்று அக்கா சொன்னார். கிழிகிழியென்று கிழிப்பதை அங்கே ஒரு நீள்துண்டாகக் கிழிப்பார்களாம். ஜவுளிக்கடைக்கு அது பொருத்தம் என்று அதைச் சார் அடிக்கடி எடுப்பார்.

பள்ளியில் மிஸ் இப்படிச் சொற்றொடர்கள் கேட்டபோது வகுப்பிலேயே பவித்ராதான் அதிகம் சொன்னாளாம். எப்படித் தெரியும் என்று மிஸ் கேட்டதற்கு, எங்கம்மா கடையில் இங்கிலீஷில்தான் பேசுவாங்க மிஸ் என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். அக்கா இதை எங்களிடம் சொல்லும்போது சிரிக்கவில்லை.

“முதல்ல நாடகத்த சொல்லிடலாம்னுதான் இருந்தேன் பானு. இப்ப அவ மூஞ்சியப் பார்த்தா வாய் வரமாட்டேங்குது. எங்கம்மா எங்கம்மான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறா.”

சொல்லிவிடுங்கள் அக்கா என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் வெளியே வரவில்லை. என்னுடைய பேச்செல்லாம் அப்படித்தான், ஆள் போனபிறகு வரும்.

கார்த்திகை முடியப்போகிற சமயம். அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. தென்னூரிலிருந்து ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைத் திரும்பக் கொண்டுவந்தார். கூடவே மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பெண்கள். புடவைக்கு ஃபால்ஸ் தைக்கச் சொல்லி எங்களிடமே கொடுத்திருந்தார்கள். கீழ்க்கரையில் உள்பக்கமாக வைத்துத் தைக்கிற துணிப்பட்டை அது. தையல்காரருக்கு எது உள்பக்கம் என்று அடையாளம் போட்டு அனுப்புவது ஆனந்தவள்ளி வேலை. இந்தப் புடவையில் இரண்டு பக்கமும் ஜரிகை ஒன்றுபோல் இருந்திருக்கிறது. அவள் மாற்றிப் போட்டுவிட்டாள். பட்டை வெளியே தெரிகிற மாதிரி தைத்து வந்திருந்தது. பிரித்தால் பட்டில் ஊசி ஓட்டை வரிசையாக நிற்கும். கல்யாணத்துக்கு நான்கு நாள்.

அந்த அம்மாவின் கோபம் நியாயமான கோபம். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு முன்னால் வேறு. வேறு புடவை தருகிறோம் என்று முதலாளி ஜெய்சங்கரே கல்லாவிலிருந்து எழுந்து வந்து சொன்னார். அந்த அம்மா கேட்கவில்லை. ஆனந்தவள்ளி ஏற்கனவே மூலையில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். அக்கா அவள் கையிலிருந்த துணியை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, தலைப்பைப் பிடித்தபடி முன்னால் போய் நின்றார். சார் இறங்கி வந்தார்.

அன்றைக்கு மழை. பவித்ராவுக்கு அன்றைய பரீட்சை மதியத்தோடு முடிந்துவிட்டது. வீட்டுச் சாவி அக்காவின் இடுப்பில். பிச்சமுத்து டீ குடிக்கப் போயிருந்தார். பின்பக்கக் கேட் பூட்டியிருக்க, நனைந்துகொண்டு எவ்வளவு நேரம் நிற்பது என்று பவித்ரா முன்பக்கமாக உள்ளே வந்துவிட்டாள். யூனிஃபார்ம், தோளில் பை, தலையில் ஒரு கைக்குட்டை. நான்தான் முதலில் பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் பின்னால், நைட்டி தொங்குகிற ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றாள். சார் ஆரம்பித்துவிட்டிருந்தார்.

இந்த அம்மாவுக்குச் சின்னத் திட்டு போதாது என்று சாருக்குத் தெரிந்திருந்தது. தன்னிடம் இருந்ததையெல்லாம் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வாட் இஸ் திஸ் ரெங்கநாயகி என்று தொடங்கி, ஒரு டன் செங்கல் மாதிரி உன்மேல் விழுவேன் என்றார். கனிந்த நெருப்பின் மேல் இழுத்தார். சட்டத்தைப் படித்துக் காட்டட்டுமா என்று கேட்டார். நீள்துண்டாகக் கிழித்தார். எல்லாம் இங்கிலீஷில், ஒவ்வொன்றுக்கும் குரலை ஒரு படி ஏற்றி. அக்கா அந்த அம்மாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளைக் குறுக்கினார். அன்றைக்குப்போல் அவர் நன்றாக நின்று நான் பார்த்ததில்லை.

நான் பவித்ராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு அசைந்தது. ஒவ்வொரு சொல்லையும் சார் சொல்லி முடிப்பதற்கு முன்பே அவள் வாய் சொல்லி முடித்தது. எல்லாம் அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்த சொற்கள். எல்லாவற்றுக்கும் அவள் அர்த்தம் சொல்லியிருந்தாள்.

அவள் எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சார்,” என்றாள். “டோன்ட் டாக் டு மை மதர் லைக் தட்.”

கத்தவில்லை. பள்ளியில் மிஸ்ஸுக்குப் பதில் சொல்கிற குரல் அது. ஆனால் கடையில் எல்லோருக்கும் கேட்டது.

கண்ணாடியைப் போடுவதா வேண்டாமா என்று சாரின் கை பாதியில் நின்றது. தென்னூர் அம்மா முகம் சிவந்துபோய், யார் இது என்று கேட்டார். வேலைக்காரி மகள் எதிர்த்துப் பேசுகிற கடையா இது, ஆள் வைத்துப் பேச வைக்கிறீர்களா என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி சாரைப் பார்த்தார்.

அந்த இடத்தில் சார் தமிழில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘பாப்பா, இது சும்மாம்மா.’ அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் கஸ்டமர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். சும்மா என்று சொல்லிவிட்டால் இத்தனை வருடமாகத் திட்டியதெல்லாம் சும்மா என்று ஆகிவிடும். சார் சொல்லவில்லை.

அக்கா திரும்பினார். கஸ்டமரின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கண்தான். ஆனால் அதற்குமுன் அந்த முகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“வாயை மூடு. யாரைக் கேட்டுடி உள்ள வந்த? பெரியவங்க நிக்கிற இடத்துல உனக்கென்ன பேச்சு? நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிஞ்சிட்டா பெரிய மனுஷியா நீ? உன்னைப் படிக்க வெச்சதே தப்பு. சார்கிட்ட மன்னிப்புக் கேளு.”

பவித்ரா அம்மாவையே பார்த்தாள்.

“கேளுன்னு சொல்றேன்ல.”

“சாரி சார்,” என்றாள் பவித்ரா. பிறகு அந்தத் தென்னூர் அம்மாவையும் பார்த்து “சாரி ஆன்ட்டி” என்றாள். அதை யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. பையைச் சரிசெய்துகொண்டு கதவைத் தள்ளி மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

தென்னூர் அம்மா சமாதானமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் வாய் நீளம் என்று சொல்லி, வேறு புடவை எடுத்துக்கொண்டு போனார். சார் டீ வாங்கிவரச் சொன்னார். அக்கா அதைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்தபோதுதான் சாவி அங்கேயே இருப்பது அவருக்குத் தெரிந்தது. அதை வாங்கிக்கொண்டு நான் ஓடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப் பார்த்தேன். ஸ்ரீரங்கம் பஸ் ஒன்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் மழைநீர், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அக்காவுக்கு அன்று சீக்கிரம் போக அனுமதி கிடைக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வீடு போனபோது, பூட்டிய கதவின் முன்னால் மகள் ஈர யூனிஃபார்மோடு உட்கார்ந்து மறுநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

எல்லாவற்றையும் அக்கா சொல்லிவிட்டார். இங்கிலீஷில் திட்டினால் கஸ்டமருக்கு என்பது, அழுகிற பெண்களுக்குப் பதிலாகத் தான் போய் நிற்பது, டீ, சார் நல்லவர் என்பது, எல்லாம். பவித்ரா கடைசிவரை கேட்டாள். பிறகு இரண்டு கேள்விதான் கேட்டாளாம்.

நான் அர்த்தம் சொன்னதெல்லாம் உன்னைத் திட்டினதாம்மா என்பது முதல் கேள்வி. ஆமாம் என்று அக்கா சொன்னார்.

“அப்ப என்னைத் திட்டினது? அதுவும் நாடகமா?”

அக்கா எங்களிடம் இதைச் சொன்னது மறுநாள் சாப்பாட்டு நேரத்தில். யாரும் டப்பாவைத் திறக்கவில்லை.

“நான் என்னன்னு சொல்லுவேன் பானு? நாடகம்னு சொன்னா, எவளோ ஒருத்திக்காகப் பெத்த பொண்ண நாலு பேர் முன்னாடி மன்னிப்புக் கேக்க வெச்சேன்னு ஆகுது. இல்லைன்னு சொன்னா, உன்னைப் படிக்க வெச்சதே தப்புன்னு நெசமாவே சொன்னேன்னு ஆகுது. ரெண்டுல எதைச் சொல்றது?”

எதைச் சொன்னீர்கள் என்று ஆனந்தவள்ளி கேட்டாள். சோறு போட்டேன் என்றார் அக்கா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து மூலத்தோப்புக்குப் போயிருக்கிறார். அக்கா வரவேண்டாம் என்று சொல்லியும் போனார். பவித்ரா வாங்க சார் என்றாளாம். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சார் தன் தப்பைச் சொன்னார். நீ வந்து நின்றபோது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், கடைப் பெயருக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன் என்றார். அவள் சரிங்க சார் என்றாள். உங்கம்மா மாதிரி ஆள் எங்கள் கடையில் கிடையாது என்றார். அதற்கும் சரிங்க சார் என்றாள். பரீட்சை எப்படி எழுதினாய் என்றால் நல்லா எழுதினேன் சார். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“அந்தப் பொண்ணு என்னை நல்லா நாலு கேள்வி கேட்டிருந்தா நிம்மதியாத் திரும்பியிருப்பேன்,” என்று சார் அப்துல் மாலிக் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “சரிங்க சார், சரிங்க சார்ங்குது. அதுக்கு மேல ஒரு திட்டு உண்டா மாலிக்?”

அதற்குப் பிறகு சார் இங்கிலீஷில் திட்டவில்லை. கஸ்டமர் சத்தம் போட்டால் இறங்கி வருவார். தப்பு எங்கள்மேல்தான் என்று கை கூப்புவார். அது பலிக்கவில்லை. அந்தப் பெண்ணை ஒன்றும் கேட்க மாட்டீர்களா என்று கஸ்டமர்கள் கேட்டார்கள். முதலாளியிடம் போனார்கள். பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு முதலாளி, சாரை மேல்மாடிக் குடோனுக்கு மாற்றிவிட்டு, வெளியிலிருந்து ஒரு புதிய சூப்பர்வைசரைக் கொண்டுவந்தார். இவர் தமிழில்தான் திட்டுகிறார். கஸ்டமர் இருந்தாலும் திட்டுகிறார், இல்லாவிட்டாலும் திட்டுகிறார். யார் தப்போ அவர்கள்தான் வாங்க வேண்டும். எனக்குப் பதிலாக இப்போது யாரும் முன்னால் போய் நிற்பதில்லை. சார் சொன்னதுபோல், சோற்றில் கை வைக்கும்போது ஒவ்வொரு சொல்லாக நினைவு வருகிறது.

அக்காவின் வீட்டில் சண்டை ஒன்றுமில்லை. பவித்ரா கூப்பிட்டால் வருகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள். கடைப் பக்கம் வருவதில்லை. சாவிக்கு இன்னொன்று செய்துகொண்டாள். இங்கிலீஷ் மட்டும் வீட்டில் நின்றுவிட்டது. முன்பெல்லாம் டிவி பார்க்கும்போது அம்மாவுக்கு அது என்ன, இது என்ன என்று சொல்லிக்கொண்டே இருப்பாளாம். இப்போது இல்லை.

தை மாதக் கடைசியில் ஒருநாள் அக்கா கடை மூடுகிற நேரத்தில் குடோனுக்குப் படியேறிப் போனார். நானும் மடித்த புடவைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பிலோமின்ராஜ் சார் பெட்டிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

“சார், இங்கிலீஷ்ல நல்ல வார்த்தை ஒண்ணு சொல்லுங்க. திட்டு வேணாம். ஒருத்தரைப் பாராட்டினா என்ன சொல்லுவாங்களோ அது.”

சார் யோசித்தார். செல்போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனார். திட்டுவதற்குப் பக்கம் பக்கமாக இருக்கிறது, பாராட்டுவதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார். கடைசியில் ஒன்று கிடைத்தது. ‘எ ஃபெதர் இன் யுவர் கேப்.’ தொப்பியில் செருகுகிற இறகு. பெருமைப்படுகிற மாதிரி ஒருவர் ஒன்றைச் செய்தால் அப்படிச் சொல்வார்களாம். அர்த்தத்தையும் சாரே சொல்லிவிட்டார். அக்கா அதை மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். படி இறங்கும்போதும், ரோட்டைக் கடக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

மறுநாள் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மகளிடம், முன்பு கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறார். ஃபெதர் இன் யுவர் கேப் என்றால் என்ன பாப்பா?

பவித்ரா குழாயை மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். தெரியாதும்மா என்று சொல்லிவிட்டுப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

“அவளுக்குத் தெரியும் பானு,” என்றார் அக்கா. “தெரியாம இருக்காது.”

டப்பாவை மூடிப் பையில் வைத்தார். புதிய சூப்பர்வைசர் கீழேயிருந்து யாரையோ கூப்பிட்டுக் கத்துகிற சத்தம் கேட்டது. அக்கா எழுந்து தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். சாயங்காலம் மறுபடியும் குடோனுக்குப் போனார். வேறு ஒன்று சொல்லுங்க சார் என்று அவர் கேட்டது படியில் நின்ற என் காதில் விழுந்தது. சார் செல்போனைத் தட்டித் தேடிக்கொண்டிருந்தார் போல. பதில் வர வெகுநேரமாயிற்று.